ராஜபாளையம் குட்டி வாங்க மூன்று வழிகள்: விலைபோகாத குட்டி எங்கே என்று கேளுங்கள்

எங்கள் வீட்டில் 11 ஆண்டுகள் வாழ்ந்த முத்துவுக்குக் காது கேட்காது. வாங்கி வந்த மூன்றாவது வாரத்தில்தான் அது எங்களுக்குத் தெரிந்தது. அடுக்களையில் குக்கர் விசில் அடித்தது. திண்ணையில் படுத்திருந்த குட்டியின் காது மடல்கூட அசையவில்லை. என் மனைவி இரண்டு எவர்சில்வர் தட்டுகளை அதன் முதுகுக்குப் பின்னால் தட்டிப் பார்த்தார். அப்போதும் அது தூங்கிக்கொண்டேதான் இருந்தது.

"அசல் ராஜபாளையம், மூக்கைப் பாருங்கள், ரோஜா நிறம்" என்று சொல்லித்தான் கடைக்காரர் விற்றார். மூக்கும் ரோஜா நிறம்தான், உடம்பும் பால் வெள்ளைதான். முத்து எந்த வீட்டில் பிறந்தது, தாய் எப்படிப்பட்டது, கூடப் பிறந்தவை எத்தனை என்று நாங்கள் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. பின்னால் வந்த ஆட்டோவின் ஹாரன் கேட்காமல் ஒருமுறை கால் ஒடிந்து, முத்து மாதக்கணக்கில் கட்டுப்போட்டுக் கிடந்தது. முத்து எங்களிடம் வந்து சேர்ந்ததில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் அதை விற்ற சங்கிலியில் யாரோ ஒருவருக்கு உண்மை தெரிந்திருக்கும் என்ற எண்ணம் இன்றுவரை நெஞ்சில் முள்ளாகத்தான் இருக்கிறது.

முத்து போன ஆண்டு இறந்தது. அடுத்த நாயும் ராஜபாளையமாகவே இருக்கட்டும் என்று முடிவு செய்த பிறகு, எட்டு மாதம் தேடினேன். கடையும் இணைய விளம்பரமும் ஒரு வழி. கென்னல் என்ற பெயரில் முறையாகப் பதிவு செய்து வளர்ப்பவர்கள் இன்னொரு வழி. ராஜபாளையம் பக்கத்துக் கிராமங்களில் வீட்டு நாயிடம் ஈற்றெடுத்துக் கொடுப்பவர்கள் மூன்றாவது வழி. மூன்று இடங்களிலும் ஒரே கேள்வியைக் கேட்டேன்: "விலைபோகாத குட்டிகளை என்ன செய்கிறீர்கள்?" விலை, சான்றிதழ், நிறம் எல்லாவற்றையும் விட இந்த ஒரு கேள்விக்குக் கிடைத்த பதில்தான் எனக்கு வழி காட்டியது.

அதற்கு முன், ராஜபாளையமே வேண்டுமா என்பதையும் யோசித்துக்கொள்ள வேண்டும். விருதுநகர் மாவட்டத்திலேயே சிப்பிப்பாறையும் கன்னியும் இருக்கின்றன. இரண்டும் ஒட்டிய வயிறும் நீண்ட காலுமாக, ஓடுவதற்கென்றே வார்த்த உடம்பு. பரந்த காடு கரை உள்ளவர்களுக்கு அவை பொருந்தும். மாடி வீட்டுக்காரர்கள் அவற்றை வாங்கிச் சங்கிலியில் கட்டிப்போடுவது எனக்குப் பிடிக்காத காட்சி. தேனி மாவட்டத்துக் கோம்பை கட்டுமஸ்தான காவல் நாய், முரட்டுத்தனமும் கொஞ்சம் கூடுதல். ராஜபாளையம் ஆண் நாய் தோள் வரை 65 முதல் 75 சென்டிமீட்டர் உயரம் வளரும். வீட்டாரிடம் ஒட்டிக்கொள்ளும், வேற்றாளை எளிதில் நம்பாது. சுற்றுச்சுவரும் தினமும் ஒரு மணி நேரம் நடக்க ஆளும் இருந்தால் வளர்க்கலாம். தினமும் நாலு பேர் வந்துபோகும் வீட்டுக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன்.

இந்த நாய்களுக்கு இப்போது நல்ல பெயர். 2005 ஜனவரியில் அஞ்சல் துறை வெளியிட்ட நாய் வரிசைத் தபால்தலைகளில் ராஜபாளையமும் ஒன்று. 2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை ஆகியவற்றைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வள நிறுவனம் ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் தனி இனங்களாகப் பதிவு செய்திருக்கிறது. நம் மண்ணின் நாய்க்குக் கிடைத்த மரியாதை என்று எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் கேட்பவர் கூடும் இடத்தில் தரகரும் கூடுகிறார். தேவை எகிறும்போது பெட்டையின் உடம்புதான் அந்தச் சுமையைத் தாங்குகிறது.

கடையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பெரும்பாலோர் அங்கேதான் போகிறோம். மதுரையில் இரண்டு கடைகளுக்குப் போனேன், இணைய விளம்பரம் ஒன்றையும் தொடர்ந்து பார்த்தேன். இதன் நன்மை ஒன்றே ஒன்றுதான்: இன்று ஆசைப்பட்டால் இன்று மாலையே குட்டி மடியில் இருக்கும். விலையும் குறைவு. என்னிடம் 7,000 ரூபாய் கேட்டார்கள், பேசினால் 5,000க்குக் கொடுத்திருப்பார்கள்.

"50 நாள் குட்டி" என்று காட்டியதன் வாயைத் திறந்து பார்த்தேன். நாய்க்குட்டிக்கு மூன்றாவது வாரத்தில் பால்பல் முளைக்கத் தொடங்கும். எட்டாவது வாரத்தில் 28 பால்பற்களும் பெரும்பாலும் வந்திருக்கும். இந்தக் குட்டிக்கு முன்பற்கள் அரும்பு அரும்பாக இருந்தன, கோரைப்பல் இப்போதுதான் ஈறைக் கீறிக்கொண்டு வந்தது. மாடு வாங்குபவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போல, நாய் வாங்குபவரும் பல்லைப் பார்க்கலாம். அந்தக் குட்டிக்கு ஒரு மாதம்கூட நிறைந்திருக்காது. விலா எலும்பு தெரிய, வயிறு மட்டும் உருண்டிருந்தது. அது தின்று கொழுத்த வயிறல்ல, குடற்புழு நிறைந்த வயிறு.

நாய் இனப்பெருக்கத்துக்கும் விற்பனைக்கும் 2017இல் மத்திய அரசு விதிகள் கொண்டுவந்தது. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது, இனப்பெருக்கம் செய்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும், குட்டிக்கு மைக்ரோசிப் பொருத்தியிருக்க வேண்டும் என்பவை அவற்றில் முக்கியமானவை. எட்டு வாரம் என்பது தாளில் எழுதிவைத்த வெறும் எண் அல்ல. மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை நாய்க்குட்டியின் மனம் திறந்திருக்கும் காலம். எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும், எப்போது விளையாட்டை நிறுத்த வேண்டும் என்பதையெல்லாம் அது தாயிடமும் கூடப்பிறந்தவற்றிடமும்தான் கற்கிறது. 30 நாளில் பிரித்தெடுத்த குட்டி அந்தப் பாடத்தைக் கற்காமலேயே வருகிறது. வளர்ந்தபின் கையைக் கவ்வினால் விடத் தெரியாத நாய்களைப் பார்த்திருப்பீர்கள்.

கடையில் இன்னொரு ஆபத்து பார்வோ. அந்த வைரஸ் உடலில் புகுந்து பெரும்பாலும் மூன்று முதல் ஏழு நாள் கழித்தே வாந்தியும் இரத்தப்போக்கும் தொடங்கும். வாங்கும்போது துள்ளும் குட்டி வீட்டுக்கு வந்த பிறகு சுருண்டு விழுவதற்கு இதுதான் காரணம். பல இடங்களிலிருந்து வந்த குட்டிகளை ஒரே கூண்டில் அடைக்கும் இடத்தில், ஒன்றுக்கு இருந்தால் எல்லாவற்றுக்கும் பரவும். பிறகு சொட்டு மருந்துக்கும் ஊசிக்கும் ஆகும் செலவு, பேரம் பேசிக் குறைத்த 2,000 ரூபாயை இரண்டே நாளில் விழுங்கிவிடும். குட்டி பிழைத்தாலும், வைரஸ் உங்கள் வீட்டு மண்ணில் மாதக்கணக்கில் தங்கியிருக்கும்.

இணைய விளம்பரக்காரர் தாயின் காணொளியை அனுப்பினார். நேரில் வருகிறேன் என்றதும், "அவ்வளவு தூரம் எதற்கு? முன்பணம் போடுங்கள், ஆம்னி பஸ்ஸில் கூடையில் ஏற்றிவிடுகிறேன்" என்றார். அன்றோடு அவரிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டேன்.

என் கேள்விக்குக் கடைக்காரர் சொன்ன பதில்: "எதுவும் நிற்காது சார், எல்லாம் போய்விடும்." முத்துவும் அப்படித்தான் போயிருக்கும்.

அந்தக் கூண்டில் சோர்ந்து கிடந்த குட்டியைப் பார்த்து, இதையாவது காப்பாற்றலாமே என்று எனக்கும் தோன்றியது. கையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தேன். அந்தப் பணம் அடுத்த கூடைக்கான முதல் என்று தெரிந்தபின் கொடுக்க முடியவில்லை. இரக்கத்தால் ஒரு நாயை எடுக்க வேண்டுமென்றால் தெருவில் பிறந்த நாட்டுக் குட்டியை எடுங்கள். காசு கேட்கமாட்டார்கள், நம் வெயிலுக்கும் சோற்றுக்கும் பழகிய உடம்பு, பல தலைமுறையாகக் கலந்த இரத்தம் என்பதால் பரம்பரை நோய்களும் குறைவு. எங்கள் தெருவில் அப்படி வளர்ந்த இரண்டு நாய்கள் எந்த ராஜபாளையத்துக்கும் குறைந்த காவல் அல்ல. குறிப்பிட்ட இனம்தான் வேண்டும் என்ற ஆசை இல்லாதவர்கள் இந்தக் கட்டுரையின் மீதியைப் படிக்கவே வேண்டியதில்லை.

அடுத்து கென்னல். கோவைப் பக்கத்தில் ஒன்றுக்கும் திருச்சிப் பக்கத்தில் ஒன்றுக்கும் போனேன். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவில் பதிவு செய்த நாய்களை வைத்திருப்பவர்கள் இவர்கள். குட்டியோடு வம்சாவளிச் சான்றிதழ் தருவார்கள். கழுத்தடியில் அரிசி அளவு மைக்ரோசிப் இருக்கும். அதில் 15 இலக்க எண். கால்நடை மருத்துவரிடம் ஸ்கேன் செய்து, சான்றிதழில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். பணம் கொடுப்பதற்கு முன்பே பார்ப்பது நல்லது. வேறு நாயின் காகிதத்தோடு குட்டி கைமாறுவதும் உண்டு.

சான்றிதழை நம்மில் பலர் தரச்சான்று என்று நினைக்கிறோம். அது இந்தக் குட்டி இன்னாருக்குப் பிறந்தது என்ற பதிவு மட்டுமே. ஆரோக்கியத்தைப் பற்றி அது ஒரு வார்த்தை சொல்லாது. ஆனால் படிக்கத் தெரிந்தவருக்கு அதில் ஒரு பெரும் செய்தி இருக்கிறது. தகப்பன் வழித் தாத்தாவின் பெயரையும் தாய் வழித் தாத்தாவின் பெயரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே நாய் என்றால், அப்பனும் ஆத்தாளும் ஒரு தகப்பனுக்குப் பிறந்த அண்ணன் தங்கை. அப்படிப் பிறக்கும் குட்டியின் உட்கலப்பு அளவு 12.5 சதவீதம். நம் வீடுகளில் அத்தை மகனும் மாமன் மகளும் மணந்து பிறக்கும் குழந்தைக்கு இது 6.25. அதற்கே மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள் என்றால், இது அதைப் போல் இரு மடங்கு. ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்தவற்றை இணைத்தால் 25. கண்காட்சியில் பரிசு வாங்கிய ஒரு நாயையே எல்லாரும் தேடிப் போவதால், சின்ன இனங்களில் இது நடந்துகொண்டே இருக்கிறது.

திருச்சிக் கென்னலில் ஐந்து இன நாய்கள் இருந்தன. ராஜபாளையத்தோடு ஹஸ்கியும் பக்கும். சுவரெல்லாம் கோப்பைகள். தாயைப் பார்க்க வேண்டும் என்றேன். "வெளியாள் வந்தால் தொற்று வரும்" என்றார்கள். இந்தப் பதிலில் பாதி நியாயம் உண்டு. தடுப்பூசி போடாத குட்டிகளிடம் ஊர் மண் ஒட்டிய செருப்போடு யாரையும் விடக் கூடாது. கோவையில் என் செருப்பைக் கழற்றச் சொல்லி, கிருமிநாசினித் தண்ணீரில் காலை நனைத்து, நாலடி தள்ளி நிற்கவைத்துத் தாயையும் குட்டிகளையும் காட்டினார்கள். அக்கறை உள்ளவர் அப்படி ஒரு வழி கண்டுபிடிப்பார். தாயைக் காட்டவே மறுப்பவரிடம், அந்தப் பெட்டை எந்த நிலையில் இருக்கிறது என்ற சந்தேகம் எனக்கு எழுகிறது. தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை. தாய் பயந்து நடுங்கினால் அந்தப் பயத்தில் கொஞ்சம் குட்டிக்கும் வரும், பிறப்பாலும் வரும், பார்த்துப் பழகியும் வரும்.

கோவைக்காரரை எனக்குப் பிடித்திருந்தது. ஒவ்வொரு பெட்டைக்கும் ஒரு நோட்டு. எந்தத் தேதியில் பருவத்துக்கு வந்தது, எதோடு சேர்த்தார், எத்தனை குட்டி, எத்தனை பிழைத்தது, குடற்புழு மருந்து எந்தெந்த நாளில் கொடுத்தார் என்று எல்லாம் எழுதியிருந்தார். பெட்டைக்கு ஒன்றரை வயது ஆகும் முன் இணை சேர்ப்பதில்லை, ஆண்டுக்கு ஓர் ஈற்றுக்கு மேல் எடுப்பதில்லை என்றார். 2017 விதிகளும் அதைத்தான் சொல்கின்றன. "விலைபோகாத குட்டி?" என்று கேட்டதும் நோட்டைப் புரட்டி ஒரு வரியைக் காட்டினார். கீழ்த்தாடை நீண்டு பிறந்த ஒரு பெண்குட்டிக்குக் கருத்தடை செய்து, தெரிந்த ஆசிரியர் ஒருவர் வீட்டுக்கு இலவசமாகக் கொடுத்திருக்கிறார். நல்ல பதில். அவரிடம் நான் வாங்காததற்கு இரண்டு காரணங்கள். ஒன்று விலை, 25,000 ரூபாய். மற்றது, காது பற்றிக் கேட்டபோது, "எங்கள் வரிசையில் அது வந்ததே இல்லை" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். சோதித்துப் பார்த்தாரா என்ற கேள்விக்குப் பதில் இல்லை.

ராஜபாளையம் வாங்குபவர் மிகவும் நின்று நிதானிக்க வேண்டிய இடம் இந்தக் காதுதான் என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். பால் வெள்ளை உடம்பும் ரோஜா மூக்கும் அழகுதான். ஆனால் தோலுக்கு நிறம் கொடுக்கும் அதே நிறமிச் செல்கள் உட்காதிலும் இருக்க வேண்டும். அவை அங்கே இல்லாவிட்டால் ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்கள் பட்டுப்போகும். வெள்ளை உடம்பில் புள்ளி போட்ட டால்மேஷன் நாய்களிலும் இதே கதைதான். குட்டிக்கு இரண்டாவது வாரத்தில் காதுத் துளை திறக்கிறது. மூன்றாம் நான்காம் வாரத்துக்குள் அந்தச் செல்கள் அழிந்து செவிடாகிறது. எனவே ஐந்து வாரம் ஆகும் முன் செய்யும் எந்தச் சோதனையையும் நம்ப முடியாது.

வீட்டிலேயே இப்படிச் சோதிக்கலாம். குட்டியைத் தனியாக எடுத்துவர வேண்டும். கூட்டத்தில் இருந்தால் மற்றவை திரும்புவதைப் பார்த்து இதுவும் திரும்பும், நாம் ஏமாந்துவிடுவோம். அது கண்ணயர்ந்திருக்கும்போது பின்னாலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்க வேண்டும். தரையைத் தட்டக் கூடாது, அதிர்வு தெரிந்துவிடும். கையை வீசக் கூடாது, காற்று படும். விசில், செல்பேசி ஒலி, தட்டு என்று மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். ஒரே ஒலியை நாலுமுறை எழுப்பினால், காது கேட்கும் குட்டியும் சலித்துப்போய்ச் சும்மா இருக்கும். ஒரு காது மட்டும் கேட்காத குட்டியை இதில் கண்டுபிடிப்பது கடினம். சத்தம் வந்த திசை தெரியாமல் எதிர்ப்பக்கம் திரும்பினால் சந்தேகப்படலாம். உறுதி வேண்டுமென்றால், பிறந்த குழந்தைகளுக்குச் செய்யும் பெரா சோதனையின் அதே முறை நாய்க்கும் உண்டு. அந்த வசதி எல்லா ஊரிலும் கிடையாது. ஒரு காது கேட்காத நாய் வீட்டில் நன்றாகவே வாழும். ஆனால் அதை இணை சேர்க்கக் கூடாது. தெரியாமல் சேர்ப்பதால்தான் செவிட்டுத்தன்மை தலைமுறை தாண்டி வருகிறது.

கிராமத்து வழிக்கு வருகிறேன். ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவார மாந்தோப்பு ஒன்றின் ஓரத்தில் வீடு. நூற்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு பெட்டைகள், ஒரு கடுவன். நான் போனபோது குட்டி எதுவும் இல்லை. "இன்னும் பருவத்துக்கு வரவில்லை. வந்தால் சேர்த்து, 63 நாள் சுமந்து, அப்புறம் இரண்டு மாதம். ஆறு மாதம் ஆகும், காத்திருப்பீர்களா?" என்று கேட்டார். கையில் சரக்கு இல்லாத ஒருவரை இந்தத் தேடலில் முதன்முறையாகப் பார்த்தேன்.

அந்த வீட்டுத் திண்ணையில் ஒரு வெள்ளை நாய் படுத்திருந்தது. நான் உள்ளே வந்தபோது மற்றவை குரைத்தன, அது மட்டும் எழவில்லை. பார்த்த கணமே எனக்குப் புரிந்தது. அவரே சொன்னார்: "அதற்குக் காது கேட்காது அண்ணாச்சி. பழைய பெட்டை ஈன்றது. கேட்டவர்கள் நாலு பேர். சொன்னால் யாரும் எடுக்கமாட்டார்கள், சொல்லாமல் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை." அந்தத் தாய்க்கு அதன் பிறகு கருத்தடை செய்துவிட்டார். இப்போதுள்ள பெட்டை வேறு ஊரிலிருந்து வந்தது. கண்ணிமை ஓரத்தில் கொஞ்சம் கருமை உண்டு. "ரோஜா மூக்கு கொஞ்சம் மங்கினால் விலை குறையும். குறையட்டும்" என்றார். விலைபோகாத குட்டி என்ன ஆனது என்று நான் கேட்காமலே பதில் திண்ணையில் படுத்திருந்தது.

அவரிடம் எனக்குப் பிடிக்காதவையும் இருந்தன. முந்தைய ஈற்றுகளில் 40 நாளிலேயே குட்டிகளைக் கொடுத்திருக்கிறார். அந்தப் பக்கத்தில் பலரும் அப்படித்தான், குட்டி சோறு தின்னத் தொடங்கிவிட்டால் தாயை விட்டுப் பிரிக்கலாம் என்பது வழக்கம். முதல் தடுப்பூசியை வாங்குபவர் பொறுப்பில் விட்டிருந்தார். விலங்கு நல வாரியப் பதிவும் இல்லை, மைக்ரோசிப்பும் இல்லை, வம்சாவளி அவர் வாய்ச்சொல்தான். அவருடைய கடுவனையே சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேர் இணை சேர்க்கிறார்கள் என்பதால், இரண்டு தலைமுறைக்குப் பின் எது எதற்கு உறவு என்று யாருக்கும் தெரியாமல் போகும். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் தம் நாய் பிடித்த முயல்களின் கணக்கைப் பெருமையாகச் சொன்னார். முயல் வேட்டை சட்டப்படி குற்றம், அந்தப் பெருமையைக் கேட்டுக் குட்டியின் தரத்தை முடிவு செய்யக் கூடாது.

ஆனால் இந்தக் குறைகளில் பெரும்பாலானவை பேசித் தீர்க்கக்கூடியவை. கடையில் பேசினால் விலைதான் குறையும், குட்டியின் கடந்த காலம் மாறாது. இங்கே குட்டி பிறப்பதற்கு முன்பே பேசுகிறோம். 10,000 ரூபாய் விலையில் பாதியை முன்பணமாகக் கொடுத்தேன். 60 நாள் வரை தாயிடமே இருக்கட்டும், கூடுதல் நாள்களுக்கான தீனிச் செலவு என்னுடையது என்றேன். கடுவன் வேறு குடும்பத்ததாக இருக்க வேண்டும் என்று கேட்டேன், சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஒன்றைப் பார்த்துவைத்திருப்பதாக அவரே சொன்னார். ஈற்றிலுள்ள எல்லாக் குட்டிகளுக்கும் முதல் தடுப்பூசியை அவர் போட வேண்டும், மருந்துச் செலவை வாங்குபவர்கள் பகிர்ந்துகொள்வோம் என்றும் பேசினோம். வாரியப் பதிவுக்கான விண்ணப்பத்தை இருவரும் உட்கார்ந்து நிரப்பினோம். பதிவு வந்து, மைக்ரோசிப்பும் பொருத்திய பிறகே குட்டி கைமாறும் என்று முடிவு செய்தோம்.

தடுப்பூசி பற்றி ஒன்று. முதல் ஊசி ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள். பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் வரை தொடர வேண்டும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை ஊசி முழுதாகப் பிடிக்காது, அது எப்போது தீரும் என்று வெளியிலிருந்து தெரியாது என்பதால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி மூன்றாம் மாதத்தில். எனவே 45 நாள் குட்டிக்கு "எல்லா ஊசியும் போட்டாகிவிட்டது" என்று யார் சொன்னாலும் அது உண்மையல்ல. தடுப்பூசி அட்டையில் மருந்துப் புட்டியின் ஒட்டுத்தாளும் மருத்துவரின் கையெழுத்தும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். குடற்புழு மருந்து இரண்டாவது வாரத்திலேயே தொடங்கியிருக்க வேண்டும்.

யார் யாருக்கு எது பொருந்தும்? அடிக்கடி போய்வர முடியாத தூரத்தில் இருப்பவர்கள், கண்காட்சிக்குக் கொண்டுபோக நினைப்பவர்கள், பின்னாளில் முறையாக இணை சேர்க்க விரும்புபவர்கள் ஆகியோருக்குக் கென்னல்தான் நல்லது. பதிவு இல்லாமல் அந்த வழியில் நடக்க முடியாது. கோவைக்காரரைப் போல நோட்டு வைத்திருப்பவரைத் தேடுங்கள், ஓர் இனம் அல்லது இரண்டு இனம் மட்டும் வைத்திருப்பவராக இருந்தால் இன்னும் நல்லது. குடும்பத்தோடு வாழ ஒரு நாய் வேண்டும், நாலைந்து முறை நேரில் போய்வர முடியும், ஆறேழு மாதம் பொறுக்க முடியும் என்பவர்களுக்கு நல்ல கிராமத்து வீட்டையே நான் சொல்வேன். தாயும் தகப்பனும் கண்ணெதிரே இருக்கும், கோழியும் ஆடும் குழந்தைகளும் நடமாடும் முற்றத்தில் குட்டி வளர்கிறது, தொட்டதற்கெல்லாம் மிரளாது. கூண்டில் வளர்ந்த குட்டிக்கு அதைக் கற்றுக்கொடுக்க உங்களுக்கு ஓராண்டு ஆகலாம். கடை எனக்கு மூன்றாவது இடம்கூட இல்லை. இந்த ஒப்பீட்டில் அதைச் சேர்த்ததே, நான் ஒருமுறை அங்கே வாங்கியவன் என்பதால்தான்.

இரண்டு வழிகளிலும் கேட்டு வாங்க வேண்டிய ஒரு வாக்குறுதி உண்டு. எந்தக் காரணத்தாலாவது நாயை வைத்துக்கொள்ள முடியாமல் போனால் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா? கோவைக்காரர் ஒப்பந்தத் தாளிலேயே எழுதியிருந்தார். மாந்தோப்புக்காரர், "வேறு யாரிடமாவது கொடுத்தீர்கள் என்று தெரிந்தால் எனக்குக் கோபம் வரும்" என்றார். இருவரும் என்னிடம் கேள்வியும் கேட்டார்கள். சுவர் எத்தனை அடி, பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், முந்தைய நாய் எப்படி இறந்தது. கடையில் யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஈற்று பிறந்து இப்போது ஏழாவது வாரம். ஆறு குட்டிகள். ஐந்து வாரம் நிறைந்ததும் மனைவியும் நானும் போய் ஒவ்வொன்றையும் தனியாகத் தூக்கிவந்து சாவிக்கொத்தைக் குலுக்கினோம். ஆறும் திரும்பின. போன வாரம் மருத்துவர் ஒருவரை அழைத்துப் போனேன். இதய ஒலி, தொப்புள் குடலிறக்கம், பல்வரிசை, ஆண்குட்டிகளுக்கு விதைகள் இறங்கியிருக்கின்றனவா என்று எல்லாவற்றையும் பார்த்தார். ஒரு குட்டிக்கு மட்டும் தொப்புளில் சின்ன வீக்கம், வளர்ந்தால் சரியாகலாம் என்றார். அதை மாந்தோப்புக்காரர் அப்படியே எழுதி வாங்கி வைத்துக்கொண்டார், அந்தக் குட்டிக்கு முன்பணம் கொடுத்தவருக்குக் காட்டுவதற்காக.

ஐந்து குட்டிகளுக்கு ஆள் வந்துவிட்டது. எல்லாரும் முழு வெள்ளையைக் கேட்டார்கள். மீதியிருந்த ஆறாவது பெண்குட்டிக்கு இடது காதில் பழுப்பு நிறத்தில் ஒரு பெரிய திட்டு. வந்தவர்கள் அனைவரும் அதை ஒதுக்கிவிட்டார்களாம். விலை குறைத்துத் தருகிறேன் என்றார். வேண்டாம், பேசிய விலையே இருக்கட்டும் என்றேன். காதில் நிறம் இருந்தால் உட்காதிலும் நிறமி இருக்கும் வாய்ப்புக் கூடுதல், டால்மேஷன்களில்கூட அப்படித் திட்டு விழுந்தவற்றில் செவிடு குறைவு. அன்று நான் சாவிக்கொத்தை எடுப்பதற்கு முன்பே, சட்டைப்பையில் அது கிணுங்கிய சத்தத்துக்குத் தலையைத் தூக்கியதும் இந்தக் குட்டிதான்.

60 நாள் நிறைந்த பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை போகிறோம். தாய் படுத்திருக்கும் சாக்கில் ஒரு துண்டு கிழித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார், முதல் சில இரவுகளுக்கு.